ஷேனுக்குக் கிடைக்காத மன்னிப்பு

பார்வையாளன் முதிர்ச்சி அடைந்துவிட்டான் என்று ஒரு பேச்சு சில ஆண்டுகளாக நம்மிடையே புழங்குகிறது. இயக்குநர்களின் பேட்டிகளிலும் திரைக்கதைப் பட்டறைகளிலும் அதைக் கேட்கலாம். கறுப்பு வெள்ளைப் பாத்திரங்களின் காலம் மலையேறிவிட்டது, இனி எல்லாமே 'கிரே ஷேட்' என்கிறார்கள். சான்றுக்கு ஒரு பக்கம் 'விக்ரம் வேதா' (2017), மறுபக்கம் 'பிரேக்கிங் பேட்'. ரவுடியையும் போதைப்பொருள் காய்ச்சுகிறவனையும் நேசிக்கப் பழகிய ரசிகன், மனித மனத்தின் சிக்கலைப் புரிந்துகொள்ளவும் பழகிவிட்டானாம்.

இதை என்னால் ஏற்க முடியவில்லை. சாம்பல் நிறத்துக்குப் பழகிய கண் எல்லாச் சாம்பலுக்கும் பழகியிருக்க வேண்டும். நடப்பது வேறு. வால்டர் வைட் ஒரு சிறுவனுக்கு விஷம் வைக்கிறான். ரசிகன் அவன் சாமர்த்தியத்தை மெச்சுகிறான். அவன் மனைவி ஸ்கைலர் கணக்குப் புத்தகத்தைத் திருத்துகிறாள், இன்னொருவனோடு உறவு வைத்துக்கொள்கிறாள். அதே ரசிகன் அவள் செத்துத் தொலைய வேண்டும் என்கிறான். இரண்டு பேருமே கலப்படமானவர்கள். அவள் செய்த பிழை அவன் செய்ததில் நூறில் ஒரு பங்குகூட இராது. முதிர்ச்சி என்ற சொல் இந்த இடத்தில் எதையும் விளக்கவில்லை. சரியான விளக்கம், நாம் அதிகம் பேசாமல் விட்ட ஒரு தொடரில் இருக்கிறது என்பது என் எண்ணம். அதற்கு வருமுன் கொஞ்சம் வரலாறு.

1971-இல் நார்மன் லியர் 'ஆல் இன் த ஃபேமிலி' தொடரை சி.பி.எஸ். தொலைக்காட்சியில் தொடங்கினார். இனவெறியை வாய்கூசாமல் கொட்டும் ஆர்ச்சி பங்கரைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள், அந்தச் சிரிப்பிலேயே தங்கள் இனவெறியையும் உதறிவிடுவார்கள் என்று அவர் நம்பினார். நீல் விட்மர், மில்டன் ரோக்கீச் என்ற இரு உளவியலாளர்கள் 1974-இல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையைக் குலைத்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இனப்பகை மிகுந்த பார்வையாளர்கள் ஆர்ச்சியைத் தங்கள் ஆளாகவே பார்த்தார்கள். அவனோடு மல்லுக்கட்டும் மருமகனைவிட அவனையே மெச்சினார்கள். எழுதியவர் வழங்கிய தீர்ப்பு வீட்டுக் கூடத்தில் தலைகீழாகிவிட்டது. இந்த வகை ரசிகனை 'நியூயார்க்கர்' விமர்சகர் எமிலி நஸ்பாம் 2014-இல் 'கெட்ட ரசிகன்' என்று அழைத்தார். ஆர்ச்சியில் தொடங்கி வால்டர் வைட் வரை அவனுடைய வம்சாவளியை அவர் வரைந்தது மிக நல்ல காரியம்.

'டாலஸ்' (1978) கதை எல்லோருக்கும் தெரியும். மையமாக இருக்க வேண்டியவன் தம்பி பாபி. லாரி ஹாக்மனின் சிரிப்பு அந்த இடத்தை அண்ணன் ஜே.ஆருக்குப் பிடுங்கிக் கொடுத்தது. 1980 நவம்பரில் அவனைச் சுட்டது யார் என்பதை அறிய அமெரிக்காவில் 8 கோடிக்கும் மேற்பட்டோர் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தார்கள். 1993-இல் வந்த 'என்.ஒய்.பி.டி. புளூ'வின் குடிகாரப் போலீஸ்காரன் சிபோவிச்சுக்கு, அடுத்தடுத்து விழுந்த சாவுகள் மூலம் பரிவு சேர்த்தார்கள். 1997-இன் 'ஓஸ்' ஒரு சிறைச்சாலையையே கொலைகாரர்களால் நிரப்பி, இவர்களில் உனக்குப் பிடித்தவனைத் தேர்ந்தெடுத்துக்கொள் என்று விட்டது. இந்த மூன்றிலும் பின்னால் வரப்போகும் எல்லா உத்திகளும் விதையாக இருக்கின்றன. வசீகரம், துக்கம், பக்கத்தில் நிற்கும் இன்னும் மோசமான ஒருவன்.

டேவிட் சேஸின் 'த சொப்ரானோஸ்' 1999 ஜனவரியில் தொடங்கி 2007 ஜூனில் 86 எபிசோடுகளோடு முடிந்தது. ஐந்தாவது எபிசோடைப் பற்றி எழுதாத விமர்சகர் இல்லை. டோனி தன் மகள் மெடோவுக்குக் கல்லூரி பார்க்க மெய்ன் மாநிலத்துக்கு அழைத்துப்போகிறான். வழியில், கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்துவிட்டுப் பெயரை மாற்றிக்கொண்டு வாழும் பழைய ஆள் ஒருவன் கண்ணில் படுகிறான். மகளை நேர்காணலுக்கு இறக்கிவிட்டு வந்து அவன் கழுத்தைக் கம்பியால் இறுக்கிக் கொல்கிறான். எச்.பி.ஓ. நிர்வாகம் பதறியது. கதாநாயகன் தன் கையாலேயே இப்படிக் கொன்றால் ரசிகர்கள் ஓடிவிடுவார்கள் என்ற பயம். சேஸ் விட்டுக்கொடுக்கவில்லை, செத்தவனை இன்னும் கொஞ்சம் கெட்டவனாக்கிக் காட்டச் சம்மதித்தார், அவ்வளவுதான். ரசிகர்கள் ஓடவில்லை. அதே வாரத்தில் டோனியின் மனைவி கார்மெலா வீட்டில் பாதிரியாரோடு தனியே ஒரு இரவைக் கழிக்கிறாள், தவறு ஏதும் நடக்காமலே. கணவனின் கொலையை மறந்த ரசிகர்கள் இவளுடைய இரவைத் துருவிக்கொண்டே இருந்தார்கள்.

ரால்ஃப் சிஃபரெட்டோ இங்கே ஒரு முக்கியமான சாட்சி. மூன்றாவது சீசனில் அவன் ஒரு கர்ப்பிணிப் பெண்ணை அடித்தே கொல்கிறான். நான்காவது சீசனில், பந்தயக் குதிரை ஒன்று தீயில் செத்ததற்கு அவன்தான் காரணம் என்று நினைத்து டோனி அவனைச் சமையலறைத் தரையில் நெரித்துக் கொல்கிறான். பெண்ணுக்காகக் கொலைவரை போகாத கோபம் குதிரைக்காகப் போனது என்பதை சேஸ் மறைக்கவே இல்லை. ஆனாலும் பார்ப்பவர் நெஞ்சில் நிம்மதி பரவுகிறது. 'அமெரிக்கத் தொலைக்காட்சியின் எதிர்நாயகன்' என்ற பொருளில் 2016-இல் நூல் எழுதிய மார்கிரேத்த புரூன் வாகே இதை நன்றாகப் பிடித்துவைத்திருக்கிறார். எதிர்நாயகன் தனியே நிற்பதில்லை, அவனைவிட அருவருப்பான ஒருவன் எப்போதும் அருகில் நிறுத்தப்படுகிறான் என்கிறார். கொலையை மன்னிக்கிற பார்வையாளன் பாலியல் வன்கொடுமையை மன்னிப்பதில்லை என்பதும் அவர் சுட்டியதே. தொடர் எழுதுபவர்கள் வில்லனைத் தனியே பிரித்துக் காட்ட இந்தக் குற்றத்தைத்தான் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள்.

அவருக்கு முன்னோடியான மர்ரே ஸ்மித் 1995-இலேயே ஒரு வேறுபாட்டை வகுத்தார். கதை நம்மை யாரோடு நடக்க வைக்கிறது, யாருடைய மனத்துக்குள் அனுமதிக்கிறது என்பது ஒன்று. நடந்து பார்த்தபின் நாம் யார் பக்கம் சேர்கிறோம் என்பது மற்றொன்று. முதலாவது நடந்தால் இரண்டாவது தானாக நடந்துவிடும் என்று சொல்ல முடியாது என்றார். அது சரி. ஆனால் வாரத்துக்கு ஒரு மணி நேரம், வருஷக்கணக்கில் ஒருவனோடு நடந்தால் பக்கம் சேராமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பதைச் சினிமாவை வைத்து யோசித்த ஸ்மித் எடைபோட்டிருக்க வழியில்லை. நெடுந்தொடரில் பழக்கமே ஒரு நீதியாகிவிடுகிறது.

இதை நான் கற்றுக்கொண்டது 'த ஷீல்ட்' தொடரிடம். 'சொப்ரானோஸ்', 'த வயர்', 'மேட் மென்', 'பிரேக்கிங் பேட்' என்று நால்வர் பட்டியல் போடும் விமர்சகர்கள் இதைப் பெரும்பாலும் அடிக்குறிப்பில் தள்ளிவிடுகிறார்கள். அது பெரும் அநியாயம். ஷான் ரயன் எழுதி எஃப்.எக்ஸ். சேனலில் 2002 முதல் 2008 வரை ஓடிய இந்தத் தொடர், பார்வையாளனின் பாரபட்சத்தையே தன் கருப்பொருளாக்கிக்கொண்டது.

முதல் எபிசோடின் முடிவு. லாஸ் ஏஞ்சலிஸின் கற்பனைக் காவல் சரகமான ஃபார்மிங்டனில் விக் மேக்கி தலைமையிலான அதிரடிப் படை ஒரு போதைப்பொருள் வியாபாரியின் வீட்டில் நுழைகிறது. படையில் புதிதாகச் சேர்ந்த டெர்ரி குரோலி, மேலதிகாரிக்கு ரகசியமாகத் தகவல் கொடுப்பவன். விக்கின் கையூட்டுகளை அம்பலப்படுத்த ஒப்புக்கொண்டவன், அதாவது நேர்மையானவன். வியாபாரி செத்து விழுந்ததும் விக் அவனுடைய துப்பாக்கியை எடுத்து டெர்ரியின் முகத்தில் சுடுகிறான். பக்கத்தில் நிற்பவன் விக்கின் உற்ற நண்பன் ஷேன் வென்டரெல். இந்தக் கொலையைப் பார்த்த பிறகும் ரசிகர்கள் ஏழு சீசன்கள் விக்கோடு இருந்தார்கள். விக்காக நடித்த மைக்கேல் சிக்லிஸுக்கு அந்த ஆண்டே எம்மி விருது கிடைத்தது.

ஐந்தாவது சீசன், 2006. படையில் இன்னொருவன் லெம். கள்ளமில்லாதவன், எல்லோருக்கும் செல்லப்பிள்ளை. துறைசார் விசாரணையில் சிக்கித் தலைமறைவாக இருக்கிறான். அவன் எல்லோரையும் காட்டிக்கொடுக்கப் போகிறான் என்ற பயம் ஷேனைத் தின்கிறது. சாப்பாடு வாங்கிக்கொண்டு போய்க் கொடுக்கிறான், பேசுகிறான், காருக்குள் கையெறிகுண்டைப் போடுகிறான். பிறகு சிதைந்து கிடக்கும் நண்பனைப் பார்த்துத் தேம்பி அழுகிறான்.

இரண்டு கொலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொல்லப்பட்டவன் சக போலீஸ்காரன். காரணம், அவன் வாய் திறந்துவிடக்கூடும் என்ற பயம். நோக்கம், தன்னையும் கூட்டாளிகளையும் காப்பாற்றிக்கொள்வது. ஒரே குற்றம். சொல்லப்போனால் விக் செய்தது இன்னும் கொடிது, ஏனென்றால் அவன் கை நடுங்கவில்லை. ஆனால் விக்கை விட்டுப் போகாத ரசிகர்கள் ஷேனை அன்றோடு கைவிட்டார்கள். விக் அவனைப் பழிவாங்க வேண்டும் என்று துடித்தார்கள். கொலையை ஷேனுக்குக் கற்றுக்கொடுத்தவனே விக் என்பது யாருக்கும் நினைவில் இல்லை.

டெர்ரியை நமக்கு ஒரு மணி நேரம்கூடத் தெரியாது, லெம்மை ஐந்து சீசன்களாகத் தெரியும் என்று ஒரு பதில் சொல்லலாம். அது உண்மைதான், அந்த உண்மையே நமக்குத் தலைகுனிவு. உயிரின் விலையைப் பழக்கத்தின் தராசில் நிறுத்தியிருக்கிறோம். விக் கெட்டிக்காரன், ஷேன் எதைத் தொட்டாலும் சொதப்புகிறவன் என்றும் சொல்லலாம். அதுவும் உண்மை. வேலை தெரிந்தவன் மேல் வரும் மதிப்பு அவன் செய்கிற வேலை என்ன என்ற கேள்வியை மூழ்கடித்துவிடும். ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது ஷேனின் அழுகை. விக் அழவில்லை, டெர்ரியின் சாவை ஒரு மடக்கில் விழுங்கிவிட்டு மறுநாள் வேலைக்கு வந்தான். நாமும் அவனோடு சேர்ந்து விழுங்கினோம். ஷேன் விழுங்க முடியாமல் கக்குகிறான். இது கொலை, நாம் கொலைகாரர்கள் என்று அவன் உடம்பே சொல்கிறது. அந்த 'நாம்' என்ற சொல்லுக்குள் பார்வையாளனும் இருக்கிறான். தான் ஒப்புக்கொண்ட ஒன்றைக் குற்றம் என்று எவன் நினைவுபடுத்துகிறானோ அவன்மேல் பார்வையாளனுக்கு ஆத்திரம் பொங்குகிறது.

கவனாவையும் இங்கே சேர்க்க வேண்டும். விக்கை விசாரிக்க வரும் அதிகாரியாக ஃபாரஸ்ட் விட்டேகர் நடித்த பாத்திரம். டெர்ரியைக் கொன்றது விக்தான் என்று அவன் முகர்ந்துவிடுகிறான். சட்டம் அவன் பக்கம், உண்மை அவன் பக்கம். எபிசோட் நகர நகர அவன் தொல்லை தாங்காமல் ரசிகர்கள் பல்லைக் கடித்தார்கள். கடைசியில் விக்கைப் பிடிக்கப் பொய்ச் சாட்சியம் புகுத்தி, மனம் பொறுக்காமல் அதைத் தானே ஒப்புக்கொண்டு சிறைக்குப் போகிறான். பொய்ச் சாட்சியத்தில் கைதேர்ந்தவன் விக், ஒப்புக்கொண்டவன் கவனா. விருப்பம் யாருக்குப் போயிற்று என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கம்பனை வைத்து வாதாடிப் பழகிய நமக்கு இது விளங்காத புதிர் இல்லை. கும்பகர்ணனா வீடணனா என்று எத்தனை பட்டிமன்ற மேடைகள்! வீடணன் சொன்னது அறம், போய்ச் சேர்ந்த இடமும் அறத்தின் பக்கம். கைதட்டலோ செஞ்சோற்றுக்கடன் தீர்க்கச் செத்த கும்பகர்ணனுக்கு. தவறு என்று தெரிந்தும் கூட நின்றவனுக்கு நெஞ்சில் இடம், தவறு என்று சொல்லிப் பிரிந்தவனுக்குக் காட்டிக்கொடுத்தவன் என்ற பட்டம். ஆகவே பார்வையாளன் இப்போதுதான் சாம்பலுக்குப் பழகினான் என்பதே தவறு. அவன் வெகுகாலமாகப் பழகியவன். அவன் பழகாதது கணக்குக் கேட்கிறவர்களுக்கு.

'த ஷீல்ட்' தொடருக்குத் திரும்புவோம். அதன் ஏழாவது சீசனின் கடைசிக்கு முந்தைய எபிசோடில் ரயன் கணக்கைத் தீர்க்கிறார். மத்திய அரசின் குடியேற்றத் துறையோடு விக் மன்னிப்பு ஒப்பந்தம் போட்டுவிட்டான். செய்த குற்றங்களை ஒப்புக்கொண்டால் எதற்கும் வழக்கில்லை. அதிகாரி ஒலிப்பதிவுக் கருவியை இயக்குகிறாள். விக் பேசாமல் இருக்கிறான். தொலைக்காட்சி தாங்கக்கூடியதைவிட நீளமான மௌனம். பிறகு டெர்ரியின் பெயரிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகச் சொல்கிறான். அவை நாம் பார்த்தவை. வாரக்கணக்கில் இடைவெளிவிட்டு, நகைச்சுவையும் வீரமும் தடவிப் பரிமாறப்பட்டபோது விறுவிறுப்பாக இருந்தவை. வரிசையாகச் சொல்லக் கேட்கும்போது அந்த அதிகாரியின் முகம் வெளிறுவதுபோல நமக்கும் குமட்டுகிறது. எந்தப் புதுத் தகவலும் இல்லாமல், பழைய தகவலின் வரிசையை மட்டும் மாற்றி ஒரு நாயகனை நம் நெஞ்சிலிருந்து இறக்கிய இடம் இது. இதற்கு நிகரான இன்னொன்றை அந்தக் காலத் தொலைக்காட்சியில் நான் பார்த்ததில்லை. அடுத்த வாரம் ஷேன் தன் மனைவிக்கும் மகனுக்கும் விஷம் கொடுத்துவிட்டுத் தன்னைச் சுட்டுக்கொள்கிறான். காவல் நிலைய அறையில் தலைமை அதிகாரி கிளாடெட் அந்த மூன்று உடல்களின் புகைப்படங்களை விக்கின் முன் பரப்பி, ஷேன் எழுதி முடிக்காத கடிதத்தைப் படிக்கிறாள். விக்குக்குச் சிறை இல்லை. கழுத்துப்பட்டையோடு ஒரு மேசை வேலை.

'த வயர்' இதே ஆண்டுகளில் எச்.பி.ஓ.வில் ஓடியது. அதில் வியாபாரிகளைக் கொள்ளையடிக்கும் ஓமாரை எல்லோருக்கும் பிடித்தது, ஒபாமாவுக்கும் கூட. போதை வியாபாரம் என்ற விளையாட்டில் இல்லாதவன் மேல் துப்பாக்கி நீட்டாதவன் என்ற ஒரே விதி அவனைக் காப்பாற்றியது. மைக்கேல் கே. வில்லியம்ஸ் என்ற அபூர்வ நடிகர் மீதியைப் பார்த்துக்கொண்டார். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' 2011-இல் முதல் எபிசோடிலேயே சிறுவனை மாடியிலிருந்து தள்ளிவிட்ட ஜேமி லானிஸ்டரை, இரண்டு ஆண்டுகள் கழித்துக் குளியல் தொட்டியில் உட்கார வைத்துத் தன் கதையைச் சொல்ல விட்டது. கை போனவன், கண் கலங்குபவன். தள்ளப்பட்ட சிறுவனின் முடங்கிய கால்கள் அன்றோடு ரசிகர்களுக்கு மறந்துபோயின. மனத்துக்குள் நுழைய ஒரு கதவு திறந்தால் போதும் என்பதற்கு இதைவிட வெட்டவெளிச்சமான உதாரணம் கிடைக்காது.

'பிரேக்கிங் பேட்' மேல் எனக்கு மரியாதையும் வருத்தமும் சம அளவில் உண்டு. வின்ஸ் கில்லிகன் 2008 முதல் 2013 வரை 62 எபிசோடுகளில் ஒரு வேதியியல் ஆசிரியர் அரக்கனாவதைப் படிப்படியாகச் செதுக்கினார். அந்தச் செதுக்கலுக்குத் தேவைப்பட்ட உளியாக ஸ்கைலரைப் பயன்படுத்தினார் என்பதே என் குறை. முதல் எபிசோடைத் திரும்பப் பாருங்கள். வால்டரின் ஐம்பதாவது பிறந்த நாளின் காலை உணவில் 50 என்ற எண்ணை அவள் சைவ பேக்கனால் அமைத்துத் தருகிறாள். கணவனின் உடம்பைப் பற்றிய அக்கறைதான், ஆனால் தட்டில் அது கஞ்சத்தனம்போலத் தெரிகிறது. எந்தக் கடன் அட்டையில் சில டாலர் செலவழித்தாய் என்று கேட்கிறாள். அன்றிரவு கட்டிலிலும் அவள் கண் மடிக்கணினியில் ஓடும் ஏலத்தின் மேல். கர்ப்பிணி, பணத்தட்டுப்பாடு உள்ள வீடு, அதை ஓட்டுகிறவள் அவள். இந்த மூன்றும் அவள் பக்கத்திலிருந்து காட்டப்படவில்லை. இரண்டு சீசன்கள் நமக்குத் தெரிந்த ரகசியம் அவளுக்குத் தெரியாது. அதனால் அவள் கேட்கும் நியாயமான கேள்வி ஒவ்வொன்றும் கதையின் குறுக்கே போட்ட கட்டையாகிவிடுகிறது.

ஸ்கைலராக நடித்த அன்னா கன் 2013 ஆகஸ்டில் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் எழுதிய கட்டுரை பலரை உலுக்கியது. பாத்திரத்தின் மேலிருந்த வெறுப்பு தன் மேலேயே பாய்ந்ததை அவர் எழுதினார். கணவனுக்கு அடங்காத, அவனுக்குச் சமமாக நிற்கும் மனைவியை ஏற்க முடியாத மனங்களை அவர் அடையாளம் காட்டினார். அதன்பிறகு, இது பெண்வெறுப்பு, வேறொன்றுமில்லை என்பது ஒரு தயார்ப் பதிலாகிவிட்டது. அன்னா கன் சொன்னது உண்மை. 'மேட் மென்' தொடரின் பெட்டிக்கும் அதுதான் நடந்தது; டான் டிரேப்பரின் துரோகங்களுக்குக் கிடைத்த ஏக்கப் பெருமூச்சில் ஒரு துளிகூட அவளுடைய கசப்புக்குக் கிடைக்கவில்லை. ஆனால் ஷேன் பெண் இல்லை, கவனா பெண் இல்லை. இவர்களையும் சேர்த்து விளக்காத பதில் பாதிப் பதில். பெண்ணாக இருப்பது தண்டனையைப் பல மடங்காக்குகிறது. தண்டனைக்குத் தொடக்கக் காரணம், ஆட்டத்தை நிறுத்தச் சொன்னது.

வால்டரின் கூட்டாளி ஜெஸ்ஸி குற்றவுணர்வில் வெந்தவன்தானே, அவனை எல்லோரும் நேசித்தார்களே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஜெஸ்ஸி வேதியியலாளன் கேலைச் சுட்டபின் அவன் வீட்டில் நாள்கணக்கில் கூத்தும் கும்மாளமும் நடக்கிறது, அவன் நடுவில் வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கணினி விளையாட்டில் சுடும்போதுகூட கேலின் முகம் வருகிறது. கேமரா அவன் தலைக்குள் குடியிருந்ததால் அந்தக் குற்றவுணர்வு நமக்கு நம்முடைய வலியாக வந்தது. ஸ்கைலரின் குற்றவுணர்வு வெளியிலிருந்து நம்மை நோக்கி நீட்டிய விரலாக வந்தது. ஐந்தாவது சீசனில் அவள் உடுத்திய உடையோடு நீச்சல்குளத்தில் இறங்கும் காட்சிக்குப்பின், படுக்கையறையில் கணவனோடு மோதுகிறாள். உன்னை எதிர்க்க என்னிடம் எதுவும் இல்லை, உனக்குப் புற்றுநோய் திரும்பி வரும்வரை காத்திருக்கிறேன் என்பதே அவள் சொல்வதன் சாரம். தொடரின் மிக நேர்மையான கணம் இது. வந்த இடம் ஐம்பதாவது எபிசோட். அதற்குள் ரசிகர்கள் அவளைப் பற்றி முடிவுகட்டியிருந்தார்கள்.

கில்லிகனும் பீட்டர் கூல்டும் 2015-இல் தொடங்கிய 'பெட்டர் கால் சால்' இந்தக் கணக்கை நேர்செய்யும் முயற்சி என்றே நான் படிக்கிறேன். வழக்கறிஞர் கிம் வெக்ஸ்லரை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது சீசனில் நிறுவனம் அவளைத் தண்டனையாக ஆவணங்கள் புரட்டும் கீழறைக்குத் தள்ளுகிறது. இடைவேளைகளில் அவள் மாடிப்படியில் நின்று, வண்ண வண்ணக் குறிப்புத்தாள்களை ஒட்டி வைத்துக்கொண்டு, தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டு ஒரு கட்சிக்காரரைத் தேடுகிறாள். போன் மேல் போன், மறுப்பு மேல் மறுப்பு, கடைசியில் ஒரு சம்மதம். அந்தச் சில நிமிடங்களில் ரியா சீஹார்னுக்குக் கிடைத்தது, ஸ்கைலருக்கு ஐந்து சீசன்களில் கிடைக்காத ஒன்று: தன் வேலையில் தனியே கெட்டிக்காரியாக இருக்கும் நேரம். பின்னால் கிம் செய்கிற கொடுமை சிறியதல்ல. ரசிகர்கள் அவளைக் கைவிடவில்லை.

சக் மெக்கில் இதன் மறுபக்கம். பின்னாளில் சால் ஆகப்போகும் தம்பி ஜிம்மியின் கையில் சட்டம் கிடைத்தால் என்னவாகும் என்று அவன் சொன்னது அப்படியே பலித்தது. அவனை வெறுக்காத ரசிகர் அபூர்வம். கவனாவின் விதி அவனுக்கும். கிம்மின் நிறுவன முதலாளி ஹோவர்டு ஹாம்லின் விஷயத்தில்தான் தொடர் ஒரு படி மேலே போகிறது. மடிப்புக் கலையாத சூட், பணக்காரச் சிரிப்பு, முதல் சீசனிலேயே வில்லன் என்று முத்திரை. அடுத்தடுத்து அவன் மெல்லத் திறக்கப்படுகிறான். சிகிச்சைக்குப் போகிறவன், மணவாழ்க்கை முறிந்தவன், அடிப்படையில் நல்லவன். ஜிம்மியும் கிம்மும் விளையாட்டாகத் தீட்டிய திட்டத்தால் அவன் பெயர் நாசமாகிறது. நாம் அந்தத் திட்டத்தை ரசித்துக்கொண்டிருக்கும்போதே அவன் அவர்கள் வீட்டுக்கு வந்து, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்கிறான். சில நிமிடங்களில், அவனுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு துப்பாக்கியால் சாகிறான். 2022 மே மாதத்தில் அந்த எபிசோட் வந்த மறுநாள் ஹோவர்டை வெறுத்தவர்கள் அவனுக்காக அழுதார்கள். இந்த அழுகையைத்தான் நான் முதிர்ச்சி என்பேன். அதைச் சம்பாதிக்க ஏழு ஆண்டுகள் பொறுமையாக எழுத வேண்டியிருந்தது.

நம் ஊரில் எதிர்நாயகன் கதை எழுதப் போகிறவர்கள் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அரிவாள் பிடிப்பவனுக்கு ஒரு சோகமான பிளாஷ்பேக் எழுதுவது எளிது, நாற்பது ஆண்டுகளாக எழுதுகிறோம். அவனால் நாசமானவர்களுக்கு ஒரு வேலை, ஒரு ஆசை, கேமராவோடு தனித்திருக்கப் பத்து நிமிடம் எழுதுங்கள். பார்வையாளனின் அன்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பிறகு பார்ப்போம்.

'பெட்டர் கால் சால்' 2022 ஆகஸ்டில் முடிந்தது. கடைசி எபிசோடில் பிடிபட்ட சால், அரசு வழக்கறிஞர்களோடு பேரம் பேசும் அறைக்கு கொல்லப்பட்ட போதைத் தடுப்பு அதிகாரி ஹாங்கின் மனைவி மேரியையும் கூப்பிடச் செய்கிறான். 'பிரேக்கிங் பேட்' காலத்தில் ஊதா உடைக்கும், கைக்குழந்தைக்கான திருட்டுக் கிரீடத்துக்கும் கேலி செய்யப்பட்ட அதே மேரி. வால்டரும் ஜெஸ்ஸியும் தன்னைப் பாலைவனத்துக்குக் கடத்திப்போய்க் குழியின் ஓரத்தில் நிறுத்தியது, உயிருக்குப் பயந்து வேலை செய்தது என்று சால் தன்னைப் பாதிக்கப்பட்டவனாக்கி ஒரு கதை சொல்கிறான். குரல் உடைகிறது, கண் கலங்குகிறது. இதை ஒரு ஜூரி நம்பும் என்று நினைக்கிறாயா என்று வழக்கறிஞர் கேட்கிறார். எல்லோரும் நம்ப வேண்டாம், ஒரே ஒருவர் நம்பினால் போதும் என்கிறான். அந்த ஒருவராக நாம் பல ஆண்டுகள் இருந்திருக்கிறோம். ஆயுள் தண்டனை ஏழு ஆண்டுச் சொச்சமாகக் குறைகிறது. பிறகு நீதிமன்றத்தில், அதே மேரியும் ஹாங்கோடு கொல்லப்பட்ட கோமெஸின் மனைவியும் உட்கார்ந்து கேட்க, அந்தக் கதையை அவனே கிழித்துப்போட்டு 86 ஆண்டுகளை வாங்கிக்கொள்கிறான். 'பிரேக்கிங் பேட்' தொடங்கி 14 ஆண்டுகள் கழித்துத்தான் மேரிக்கு அந்த நாற்காலி கிடைத்தது. ஸ்கைலருக்கு 'பெட்டர் கால் சால்' தொடரில் ஒரு காட்சிகூட இல்லை.